பொய் சொல்லாமலே ஏமாற்றலாமா?

எனக்குத் தலைமுடி அடர்த்தி. அப்பா வழியில் வந்தது. அதைக் காட்டித்தான் ஒன்றரை வருடம் முடி எண்ணெய் விற்றேன்.

எண்ணெய் காய்ச்சியது என் பெரியம்மா மகன், அண்ணன். தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை, வேம்பாளம் பட்டை. பாட்டில் 45 ரிங்கிட். முதலில் கிள்ளானில் பசார் மாலத்தில் விற்றோம், பிறகு கைப்பேசியில். படம் எடுப்பது, விளம்பரம் எழுதுவது, வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது என் வேலை.

ஒருநாள் ஓர் அக்கா இரண்டு படம் அனுப்பினார். குழந்தை பிறந்த மூன்றாம் மாதம் கொத்துக் கொத்தாக முடி கொட்டியதாம். நம் எண்ணெயைப் போட்டு நான்கு மாதத்தில் நெற்றி ஓரமெல்லாம் புது முடி. "உங்க எண்ணெய்தான் தம்பி என் முடியைக் காப்பாத்துச்சு" என்றார். அனுமதி கேட்டு அப்படியே போட்டோம். அந்த மாதம் கையில் இருந்த பாட்டில் எல்லாம் தீர்ந்தது.

நம் இயக்கத்தில் மருந்தகத்தில் வேலை செய்யும் ஒரு தங்கை இருக்கிறார். அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, பிரசவத்துக்குப் பிறகு கொட்டும் முடி பெரும்பாலும் தானாவே திரும்ப வந்திடும், தெரியுமா?" என்று கேட்டார். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. பிரசவம், கடும் காய்ச்சல் போன்றவற்றால் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும். பிறகு சில மாதங்களில் வேர் மறுபடி வேலையைத் தொடங்கும். எண்ணெய் போட்டாலும் போடாவிட்டாலும்.

இங்கேதான் என் கேள்வி தொடங்குகிறது. அக்கா சொன்னது பொய் இல்லை. படம் பொய் இல்லை. நாங்கள் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள், 'எண்ணெய் போட்டதால் முடி வந்தது' என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை தவறு என்று தெரிந்த பிறகும் நான் அந்த விளம்பரத்தை எடுக்கவில்லை. அப்படியானால் நான் உண்மை பேசினேனா?

அண்ணனிடம் கேட்டேன். "எண்ணெய் யாருக்கும் கெடுதல் பண்ணலையே லா. நம்பிக்கைதானே கொடுக்கிறோம். நன்மை வரும்னா பொய்கூட உண்மை மாதிரின்னு வள்ளுவரே சொல்லியிருக்காரே" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வள்ளுவர் வெறும் நன்மை என்று சொல்லவில்லை, குற்றமில்லாத நன்மை என்றார். எங்கள் வியாபாரத்தில் குற்றம் எங்கே என்று எனக்குக் காட்டியது ஒரு தம்பி.

அவனுக்கு 22 வயது. நெற்றியின் இரு பக்கமும் முடி பின்வாங்கிக்கொண்டிருந்தது. அவன் அப்பாவுக்கும் வழுக்கை. பத்து மாதம் விடாமல் வாங்கினான். "அண்ணே, இன்னும் எத்தனை பாட்டில்ணே?" என்று ஒருநாள் கேட்டான். "பொறுமை வேணும் தம்பி, தொடர்ந்து போடுங்க" என்று நான்தான் எழுதினேன். பரம்பரை வழுக்கையில் ஹார்மோன் காரணமாக முடியின் வேர் மெல்ல மெல்லச் சுருங்குகிறது. மருத்துவரைப் பார்ப்பதென்றால் சீக்கிரம் பார்ப்பதுதான் பயன். அவனுடைய 450 ரிங்கிட்டை நான் திருப்பிக் கொடுக்கலாம். பத்து மாதத்தை எப்படிக் கொடுப்பேன்?

"பெரிய கம்பெனிக்காரன் மட்டும் யோக்கியமா?" என்பது அண்ணனின் அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். மினாக்ஸிடில் மருந்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனம் அதை இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாகத்தான் கொண்டுவந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்தது. பக்க விளைவே வியாபாரம் ஆனது. 1988-இல் ஆண்களின் வழுக்கைக்குத் தலையில் பூசும் மருந்தாக அங்கே அனுமதி கிடைத்தது. லாபம்தான் நோக்கம், மறுக்கவில்லை. ஆனால் அனுமதிக்கு முன், ஒரு பிரிவினருக்கு மருந்தும் இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத திரவமும் கொடுத்து ஒப்பிட வேண்டியிருந்தது. வெறும் திரவத்தைப் பூசியவர்களிலும் சிலர் முடி வளர்ந்ததாகச் சொன்னார்கள்! சும்மா இருந்தாலும் எத்தனை பேருக்கு வளர்ந்திருக்கும் என்று கேட்கத்தான் அந்த ஒப்பீடு. எங்கள் அக்காவின் படத்தைப் பார்த்து நாங்கள் கேட்காத கேள்வி அது. அந்த மருந்தும் எல்லாருக்கும் பலிக்காது, நிறுத்தினால் பலனும் போய்விடும். அதை வாங்குபவரிடம் சொல்லியே விற்க வேண்டும்.

நம் நாட்டிலும் விதி உண்டு. பதிவு பெற்ற மருந்துக்கு 'மால்' என்று தொடங்கும் எண் இருக்கும். அழகுப் பொருளாக மட்டும் அறிவிக்கப்பட்டது, நோயைக் குணமாக்கும் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எங்கள் எண்ணெய் இந்த இரண்டாம் வகை.

"முடியில் என்ன இருக்கிறது, எல்லாம் மாயை" என்று சொல்லி இதை முடித்துவிடலாம். பத்துமலையில் நாமே மகிழ்ச்சியோடு மொட்டை போட்டுக்கொள்கிறோமே? ஆனால் நாமாகக் கொடுப்பது வேறு, நம்மைக் கேட்காமல் போவது வேறு. நண்பர்கள் "வழுக்கை" என்று கூப்பிட, தொப்பி இல்லாமல் வெளியே வராத 22 வயசுப் பையனிடம் மாயை பேச எனக்குத் தகுதி இல்லை. அவன் வேதனை உண்மையானது. அதனால்தான் அதை வைத்து விற்பது பாவம்.

கடைசியில் அந்தத் தம்பியை அழைத்து, "இது வழுக்கைக்கு மருந்து இல்லப்பா, தோல் மருத்துவரைப் போய்ப் பார்" என்றேன். பணத்தையும் கொடுத்தேன். அவன் கோபப்படவில்லை. "முன்னமே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றான், அவ்வளவுதான். அண்ணனிடம், 'முடிக்கு மினுமினுப்பும் ஈரப்பசையும் தரும்' என்று மட்டும் எழுதுவோம் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. விலகிவிட்டேன். இந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனேன், பெரியம்மா பேசினார், அவர் பேசவில்லை.

நம்மில் பலர் இன்று கைப்பேசியில் ஏதாவது விற்கிறோம். எண்ணெய், கிரீம், உடல் மெலியும் மாவு. விற்பது தவறில்லை. ஆனால் விளம்பரத்தைப் போடும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வோம்: எனக்குத் தெரிந்தது எல்லாம் வாங்குபவருக்கும் தெரிந்தால், அவர் இதை வாங்குவாரா? வாங்கமாட்டார் என்றால், நாம் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தாலும், நாம் விற்றது பொய்தான்.