மெனாஜெரி: யார் வீட்டு விலங்கு?

தூர தேசத்து விலங்குகளைக் கொண்டுவந்து அடைத்துவைத்துக் காட்டும் இடத்துக்குப் பிரெஞ்சில் 'மெனாஜெரி' என்று பெயர். ஆங்கிலம் அதை 18ஆம் நூற்றாண்டில் கடன் வாங்கிக்கொண்டது. 'மெனாஜ்' என்றால் குடித்தனம். அதற்கும் பின்னால் போனால் 'தங்குதல்' என்று பொருள்படும் லத்தீன் வினை ஒன்று நிற்கிறது. ஒலிவியே தெ செர் 1600இல் வெளியிட்ட வேளாண் நூலின் தலைப்பிலேயே, பண்ணையைக் கட்டிக்காப்பது என்ற பொருளில் 'மெனாஜ்' என்ற சொல் வருகிறது. ஆக, மெனாஜெரி முதலில் ஆடுமாடும் கோழியும் அடைந்த தொழுவம்தான்.

அந்தத் தொழுவத்துப் பெயர் பிரெஞ்சு அரண்மனையான வெர்சாயில் யானைக்கும் தீக்கோழிக்கும் உரியதாக நிலைபெற்றது. மன்னர் பதினான்காம் லூயிக்காக 1660களில் கட்டடக் கலைஞர் லெ வோ அங்கே எண்கோண மாடம் ஒன்றைக் கட்டினார். சுற்றிலும் முற்றங்கள் விசிறியாக விரிந்தன. மாடத்தில் நின்றால் எல்லா விலங்கும் கண்ணில் படும். ஒரே இடத்திலிருந்து எல்லாக் கைதிகளையும் பார்க்கும்படி ஆங்கிலச் சிந்தனையாளர் பெந்தம் வகுத்த கண்காணிப்புச் சிறைக்கு இந்த அமைப்பே தூண்டுதலோ என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ பின்னாளில் ஐயுற்றார்.

காட்டு விலங்கை வீட்டுக் கணக்கில் எழுத மனிதனுக்கு ஏது உரிமை என்பதே இங்கு எழும் கேள்வி. கிறிஸ்தவ ஐரோப்பா இதற்கு பைபிளின் ஆதியாகமத்தைக் காட்டும். ஆனால் அந்நூலின் முதல் அதிகாரம் மனிதனுக்கு உயிர்கள்மேல் ஆட்சியைத் தருகிறது என்றால், இரண்டாம் அதிகாரம் அவனைத் தோட்டத்துக் காவலனாக வைக்கிறது. உடைமையாளனா, காவலனா என்ற வழக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது. தத்துவவாதி தெக்கார்த் 1637இல் விலங்கை இயந்திரத்தோடு ஒப்பிட்டு வழக்கை எளிதாக்கப் பார்த்தார். இயந்திரத்தைப் பூட்டிவைப்பதில் பாவம் ஏது? கவிஞர் லா ஃபோந்தேன் 1679இல் செய்யுளிலேயே அதை மறுத்தார்.

வெர்சாய் யானையின் கதை, காவலன் என்போர், இயந்திரம் என்போர் ஆகிய இரு தரப்பையும் சங்கடப்படுத்தும். காங்கோவில் பிறந்து, 1668இல் போர்ச்சுகல் மன்னரின் பரிசாக வந்த யானை அது. நாள்தோறும் 80 ராத்தல் ரொட்டியும் 12 பைண்ட் திராட்சை மதுவும் வாளி வாளியாகச் சூப்பும் கொடுத்து வளர்த்தார்கள். வீட்டுப் பிள்ளைக்கு வைக்கிற சாப்பாடுதான், அளவு மட்டும் வேறு. 1681இல் அது இறந்ததும் அறிவியல் கழகத்தார் உடலை அறுத்து ஆராய்ந்தார்கள்; அரசரும் வந்து பார்த்தார். ஆண் என்று நினைத்திருந்த யானை பெண் என்பது அப்போதுதான் தெரிந்தது. 13 ஆண்டு சோறு போட்ட வீட்டுக்குத் தன் விலங்கைப் பற்றித் தெரிந்திருந்தது அவ்வளவுதான். இயந்திரம் என்றவர்களும் அதன் பாகங்களைப் பார்க்க, அது சாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் அரசரின் குடித்தனம் கலைந்தது. எஞ்சிய விலங்குகள் பாரிஸின் தாவரத் தோட்டத்துக்குப் போயின. அவற்றுள் ஒரு சிங்கமும் அதைப் பிரியாத நாயும் இருந்தன. அரசரின் உடைமை தேசத்தின் உடைமையாயிற்று. விலங்கை உடைமையாக்க ஏது உரிமை என்ற கேள்வி அப்படியே நின்றது. அந்தத் தோட்டத்து விலங்கு வளாகத்துக்கு இன்றும் மெனாஜெரி என்றே பெயர்.