உச்சியில் ஒரு பதிவேடு



போன மாதம் வெள்ளிக்கிழமை கூட்டு வழிபாடு முடிந்ததும், "பத்து நிமிஷம் ஏதாவது பேசுப்பா" என்று தலைவர் அண்ணன் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். மலையேற்றத்தைப் பற்றிப் பேசினேன். சொல்ல வேண்டியதில் பாதியைத்தான் அன்றைக்குச் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மலையேறுகிறவர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. உச்சியில் கற்களைக் குவித்து, அதன் நடுவில் ஒரு உலோகப் பெட்டியோ குழாயோ வைத்திருப்பார்கள். உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில். ஏறி வந்தவர் தன் பேர், தேதி, எந்தப் பக்கமாக வந்தார், வானிலை எப்படி என்று எழுதி, மூடிவிட்டு இறங்கிப் போவார். ஆல்ப்ஸ் மலைகளில் பல இடங்களில் உச்சிச் சிலுவையோடு சேர்த்தே அந்தப் பெட்டி இருக்கும். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் சியரா கிளப் என்ற சங்கம் பல ஆண்டுகளாக இந்த ஏடுகளை வைத்து வந்திருக்கிறது. பழைய ஏடுகள் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பான்கிராஃப்ட் நூலகத்தில் இருக்கின்றன. ஒருவர் காணாமல் போனால், தேடிப் போகிறவர்களுக்கு அவர் எழுதிய அந்த ஒரு வரியே பெரிய தடயம்.

இதைச் சொன்னதும் ஒரு தங்கச்சி கேட்டது: "பேர எழுதி வைக்கிறது ஆணவம்தானேண்ணா?"

நல்ல கேள்வி. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு உபயதாரர் பேர் எழுதுகிறோமே, அது கொஞ்சம் ஆணவம்தான். பாறையில் பெயிண்டால் கிறுக்குவது அதைவிட மோசம். ஆனால் உச்சிப் பதிவேடு வேறு மாதிரி. அதைக் கீழே இருக்கிறவன் யாரும் படிக்கப் போவதில்லை. அடுத்து மூச்சிரைக்க ஏறி வருகிறவன்தான் படிப்பான், அவனுக்காகத்தான் எழுதுகிறோம். எழுதும்போது பக்கத்தில் நின்று சரிபார்க்கவும் யாரும் இல்லை. நம் கணக்கைச் சித்திரகுப்தன் எழுதுகிறான் என்று பாட்டி சொல்வாரே, அங்கே எழுத்தாணி அவன் கையில். இங்கே பென்சில் நம் கையில்.

இப்போது ஒரு கதை. உண்மையில் நடந்தது.

கிளாரன்ஸ் கிங் என்று ஓர் அமெரிக்கப் புவியியலாளர். சியராவிலேயே உயரமான விட்னி மலையில் ஏற வேண்டும் என்பது அவருக்குப் பெரிய ஆசை. 1871இல் மேகமும் புயலுமாக இருந்த ஒரு நாளில் ஏறி முடித்தார். அடையாளத்துக்கு அரை டாலர் நாணயம் ஒன்றில் பேரைக் கீறி அங்கேயே விட்டு வந்தார். 1872இல் வந்த அவருடைய புத்தகத்திலும் விட்னி மேல் ஏறியதை எழுதினார். பேரும் புகழும் வந்தது.

1873 ஜூலையில் வேறு இருவர் ஒரு மலைக்குப் போனார்கள், அதுவும் கோவேறு கழுதை மேல் உட்கார்ந்தபடி. உச்சியில் பார்த்தால் கிங்கின் நாணயம்! தலையை நிமிர்த்திப் பார்த்தால், வடக்கே அதைவிட உயரமாக இன்னொரு சிகரம். அதுதான் விட்னி, 4,421 மீட்டர். கிங் ஏறியது இன்றைக்கு லாங்லி என்று சொல்லப்படும் பக்கத்து மலை. அவர் வைத்த நாணயமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. அடுத்த மாதம், ஆகஸ்ட் 18ஆம் தேதி, மீன் பிடிக்க வந்த மூன்று பேர் விட்னியின் உச்சியை முதலில் தொட்டுவிட்டார்கள்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "மேகம் மறைச்சிருச்சு, விடுங்க" என்று பேச்சை மாற்றியிருப்போம். நியூயார்க்கில் இருந்த கிங் செய்தி கேட்டதும் கிளம்பி, செப்டம்பர் 19ஆம் தேதி விட்னி மேல் ஏறினார். அங்கே ஒரு குறிப்பு எழுதி வைத்தார். 1871இல் ஏறியது இந்த மலை இல்லை என்று ஒப்புக்கொண்டு, தனக்கு முன்னால் இங்கே வந்தவர்களுக்கே எல்லா மரியாதையும் என்று எழுதினார். ஊர் அறிந்த விஞ்ஞானி, மீன் பிடிக்க வந்தவர்களை முன்னால் நிறுத்திவிட்டுத் தான் பின்னால் நின்றுகொண்டார்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் உண்டு.

போன வருஷ செமஸ்டர் விடுமுறையில் கினபாலு போனேன் அல்லவா? ஆண்டு விழாவில் பொன்னாடைகூடப் போட்டீர்கள். நான் உச்சிக்குப் போகவில்லை. 3,668 மீட்டரில் சாயாட் சாயாட் சோதனைச் சாவடி இருக்கிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே மண்டை பிளக்கிற மாதிரி வலி, இரண்டு தடவை வாந்தி. வழிகாட்டி என் முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். "துருன், டிக்" என்றார். இறங்கிவிட்டேன். உச்சியைத் தொட்டவர்களுக்கு வண்ணச் சான்றிதழ், எனக்குக் கறுப்பு வெள்ளை. இத்தனைக்கும் 4,095 மீட்டரில் இருக்கிற அந்த உச்சிக்குப் பேர் தந்த ஹியூ லோவே 1851இல் ஏறியபோது அந்தப் பாறையைத் தொடவில்லை. அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. எனக்கு மட்டும் என்ன?

நான் வாய் திறந்து பொய் சொல்லவில்லை. படத்தைப் போட்டேன், நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள், நான் சும்மா இருந்தேன். லேப்பில் ரீடிங் எடுக்காமல் சீனியர் ரிப்போர்ட்டைப் பார்த்து எண்களை நிரப்புவோமே, அந்த மாதிரி. பிறகு ஒரு தம்பி, பதினாறு வயது, கேட்டான்: "மேல போர்டு பக்கத்துல ரொம்பக் குளிருமாண்ணா?" "ரொம்ப" என்றேன். அது முழுப் பொய். அவன் வரும் மார்ச்சில் போகிறான். நான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியது குளிரைப் பற்றி இல்லை. தலைவலியும் வாந்தியும் வந்தால் அதற்கு மேல் ஓரடிகூட ஏறாதே, இறங்கு என்பதைத்தான். பொன்னாடையைக் காப்பாற்ற அதை மறைத்துவிட்டேன்.

அப்பர் சுவாமிகள் கயிலைக்குப் போனது உங்களுக்குத் தேவார வகுப்பில் சொல்லியிருப்பார்கள். கால் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார், பிறகு உருண்டார். இறைவனே முனிவராக வந்து, மனித உடம்போடு போக முடியாது, திரும்பு என்றார். காணாமல் திரும்ப மாட்டேன் என்று அப்பர் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் இறைவன் சொன்னபடி குளத்தில் மூழ்கினார், திருவையாற்றில் எழுந்தார், அங்கே கயிலைக் காட்சி கண்டார். சின்ன வயதில் இதை அற்புதமாக மட்டும் கேட்டேன். இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. நாயன்மார் ஆயிற்றே என்று சேக்கிழார் அவரைக் கயிலை மேல் ஏற்றிவிடவில்லை. தேய்ந்த காலையும் பாதி வழியையும் அப்படியே எழுதினார். கண்டது திருவையாற்றில் என்றே எழுதினார். அதைப் படித்து யாராவது அப்பரைக் குறைத்து நினைத்திருக்கிறோமா?

தம்பி, இதைப் படித்ததும் எனக்கு போன் பண்ணு. நீ கிளம்புவதற்குள் ஒரு நாள் உட்கார்ந்து பேசுவோம். தலைவலி எந்த நேரத்தில் ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டேன், எங்கே அவசரப்பட்டேன், எல்லாம் சொல்கிறேன்.

இதை அச்சுக்கு அனுப்பும் முன் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். "தெரியும்டா. பக்கத்து வீட்டுப் பிள்ள படத்துல போர்டு இருந்துச்சு. உன் படத்துல கயிறுதானே இருந்துச்சு" என்றார்.