வண்ணத்தின் கீழே

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல சிற்றூர்களில், பூங்காவின் நடுவிலோ முன்னாள் படைவீரர் மன்றத்தின் முற்றத்திலோ, உயர்ந்த தூணொன்றின் மேல் ஹெலிகாப்டர் ஒன்று பறப்பதுபோல் நிறுத்தப்பட்டிருக்கும். பெல் நிறுவனம் உருவாக்கிய ‘ஹ்யூயி’ அது. வியட்நாம் போரில் ஏறத்தாழ 7,000 ஹ்யூயிகள் பணியாற்றின. 3,000க்கும் மேற்பட்டவை அழிந்தன. எஞ்சியவற்றுள் சிலவற்றை, அவற்றில் பறந்தவர்களே முதுமையில் ஒன்றுகூடிப் பழைய வண்ணத்தைச் சுரண்டி, அரித்த அலுமினியத் தகடுகளை மாற்றி, ரிவெட் அடித்து, மீண்டும் பச்சை பூசி நினைவுச்சின்னமாக்குகின்றனர்.

போர்க்கருவியை நினைவுச்சின்னமாக்குவது முறையா? ‘முறையன்று’ என்று எளிதில் கூறிவிட நமக்கு மனம் வரவில்லை. சேற்று வயலில் குருதி சிந்திக் கிடந்தவனுக்கு அந்தச் சுழலிறக்கையின் ஓசை உயிரின் ஓசை. காயம்பட்டோர் பலர் ஒரு மணி நேரத்திற்குள் மருத்துவமனை சேர்ந்தது அதனால்தான். மேஜர் சார்லஸ் கெல்லி, காயம்பட்டோரை ஏற்றாமல் திரும்ப மறுத்து, 1964 ஜூலை 1 அன்று சுடப்பட்டு இறந்தார். அத்தகையோரை மறப்பது நன்றிகேடன்றோ!

ஆயினும் அதே ஓசை கேட்டு ஓடி ஒளிந்த உழவர்களும் உண்டு. 1968 மார்ச் 16 காலை, மை லாய் சிற்றூரில் படையினரைக் கொண்டுவந்து இறக்கியவை ஹ்யூயிகளே. வியட்நாமியர் கணக்குப்படி அன்று 504 பேர் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. சிறிய உளவு ஹெலிகாப்டரில் மேலே சுற்றிய ஹியூ தாம்சன் இதைக் கண்டு, தம் நாட்டுப் படையினருக்கும் பதுங்குகுழியில் அஞ்சிக் கிடந்த மக்களுக்கும் நடுவே தரையிறங்கினார். அம்மக்களை ஏற்றிச்செல்ல அவர் அழைத்ததும் ஹ்யூயியையே! தாம்சனுக்கும் அவருடைய துணைவர் இருவருக்கும் அரசு அதற்கென விருதளித்தது 1998இல். துணைவருள் ஒருவர் மை லாய்க்குப் பின் ஒரு மாதத்திற்குள்ளேயே போரில் மாண்டுவிட்டிருந்தார்.

ஆகவே, ஹெலிகாப்டரை வைக்கலாமா என்பதைவிட, அதை எவ்வாறு புதுப்பிக்கிறோம் என்பதே நமக்குப் பெரிய வினாவாகப் படுகிறது. குண்டு துளைத்த இடத்தில் ஒட்டுப்போட்டு, அந்த ஒட்டும் தெரியாதபடி வண்ணம் பூசினால், காண வரும் சிறுவன் பளபளக்கும் விளையாட்டுப் பொருளொன்றையே காண்பான். (தம் வேலை வழுவழுப்பாக அமையவேண்டும் என்னும் ஆசை கைவினைஞருக்கு இயல்புதான்.) பெயர்ப்பலகையிலோ, படைப்பிரிவின் பெயரும் இறந்தோர் பெயர்களும் மட்டும். அது யாருடைய வயல்களின்மேல் பறந்தது என்று ஒரு வரிகூட இராது. தம்முடன் பிறந்தவரைப்போல் பழகியவர்களை இழந்தோர் தம்மவருக்காக எழுப்பும் சின்னத்தில் பிறருக்கும் ஏன் இடம்தர வேண்டும் எனலாம். அத்துயரை நாம் மதிக்கிறோம். எனினும், பாதியை மட்டும் சொல்லும் நினைவு இறந்தோருக்கே நேர்மை செய்யாது என்று கருதுகிறோம்.

நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் ஏஞ்சல் ஃபயர் என்னும் மலையூர் உள்ளது. 1968 மே மாதம் வியட்நாமில் மகனை இழந்த விக்டர் வெஸ்ட்ஃபால், மகனுடைய காப்பீட்டுத் தொகையைக்கொண்டு அங்கே ஒரு சிற்றாலயம் எழுப்பி, 1971இல் திறந்தார். அதற்கு அவர் சூட்டிய பெயரில் அமைதியும் சகோதரத்துவமும் இருந்தன. வெற்றி என்னும் சொல் இல்லை. இன்று அவ்வளாகத்தில் ஹ்யூயி ஒன்றும் நிற்கிறது. அதைக் காண வருவோர் முதலில் சிற்றாலயத்திற்குள் சற்று அமர்ந்துவிட்டு வருவது நல்லது.