விடியலைத் திருத்துதல்

காலைச் சூரியனைப் படம் பிடிப்பதில் ஒழுக்கப் பிரச்சினை என்ன இருக்கிறது என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானதே. பயணம் போகிறவன் ஒருவன் கைத்தொலைபேசியைக் கீழ்வானை நோக்கி உயர்த்துகிறான், படம் விழுகிறது, நிறத்தைச் சற்றே கூட்டுகிறான், குறுக்கே நிற்கும் ஏதோவொன்றை விரலால் தடவி அழிக்கிறான், நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறான். இதில் யாருக்கும் நட்டமில்லை என்று தோன்றும. ஆயினும், குறுக்கே நின்ற அந்த ‘ஏதோவொன்று’ எது என்று அறிந்த பின்னரே இத்தீர்ப்பை நாம் ஏற்கவோ மறுக்கவோ முடியும்.

இதைச் சிந்திப்பதற்கு மாங்குளம் வாய்ப்பான இடம். கண்டி வீதியிலிருந்து இங்கு கிழக்கே பிரியும் சாலை, ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்று முல்லைத்தீவுக் கடலை அடைகிறது. 1990 இல் நின்றுபோன வடபகுதி ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. இரவில் கொழும்பை விட்டுப் புறப்படுவோரிற் பலர் வன்னியிலேதான் கண் விழிக்கின்றனர். காடு விலகி வயல் வெளிக்கும் இடத்தில் சூரியன் எழும்போது, பஸ்ஸின் ஜன்னல்தோறும் ஒரு கை நீளும். முறிகண்டிப் பிள்ளையாரிடம் வாகனம் நிற்கும்போது இறங்கிப் படம் எடுப்போர் உண்டு. முல்லைத்தீவுப் பக்கம் திரும்புவோர், ஒருபுறம் கடலும் மறுபுறம் நந்திக்கடலும் கிடக்கும் வட்டுவாகல் பாலத்தில் நின்று எடுப்பர். முல்லை நிலத்துக்கு மாலையே உரிய பொழுது என்பது இலக்கணம். கைத்தொலைபேசிக்காரர் இலக்கணம் பார்ப்பதில்லை.

படத்தைத் திருத்துவதே பொய் என்று சொல்லும் தூய்மைவாதிகளோடு நமக்கு உடன்பாடில்லை. திருத்தப்படாத உதயம் என்று ஒன்று இல்லை. அடிவானத்தில் வளிமண்டலம் ஒளியை ஏறத்தாழ அரைப் பாகை அளவுக்கு முறித்து வளைக்கிறது. சூரியனின் தோற்ற விட்டமும் ஏறக்குறைய அரைப் பாகையே. ஆகவே சூரியனின் அடிவிளிம்பு கடலைத் தொட்டு நிற்பதாக நாம் காணும் கணத்தில், உண்மையில் அது முழுவதும் அடிவானுக்குக் கீழேயே இருக்கிறது. இனி, கையிலுள்ள கருவியும் சும்மா இருப்பதில்லை. நாம் ஒருமுறை தொடும்போது அது பல படங்களை எடுத்து, வானத்துக்கு ஏற்ற ஒளியளவில் ஒன்றும் நிலத்துக்கு ஏற்ற ஒளியளவில் இன்னொன்றுமாக இணைத்து ஒரே படமாக்கித் தருகிறது. காலையின் செம்மையை ஏதோ விளக்கொளியின் குறைபாடு என்று கருதி, வெண்மையை நோக்கி இழுத்தும் விடுகிறது. அந்தச் செம்மையை மீட்டு வைப்பவன் பொய்யன் அல்லன். கண் கண்டதைக் கருவி காணத் தவறியபோது கண்ணின் பக்கம் நிற்பவன். இது புதிய வழக்கமுமன்று. பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1850களிலேயே வானத்துக்கு ஒரு தகடும் கடலுக்கு ஒரு தகடுமாக எடுத்து, இரண்டையும் சேர்த்துக் கடற்காட்சிகளை அச்சிட்டார்.

பிரச்சினை நிறத்தில் இல்லை, நீக்கத்தில் இருக்கிறது. 2021 இல் கூகுள் தனது பிக்சல் 6 தொலைபேசியோடு ‘மஜிக் இரேசர்’ என்றொரு வசதியை வெளியிட்டது. வேண்டாதவற்றைத் தொட்டால் அவை மறையும். மறைந்த இடத்தை மணலாகவோ நீராகவோ கருவியே ஊகித்து நிரப்பும். இன்று அத்தகைய வசதிகள் பரவலாகிவிட்டன. வேண்டாதவை எவை? முல்லைத்தீவுக் கரையில் விடியலிலே கரைவலை இழுப்போர் வேண்டாதவராகின்றனர். சாறத்தை மடித்துக் கட்டி, ஒருவர் பின் ஒருவராகக் கயிற்றைப் பிடித்துப் பின்னே சாய்ந்து நிற்கும் அம்மனிதர்கள் வானத்தின் ஒழுங்கைக் கெடுக்கின்றனராம். முறிகண்டியில் கச்சான் விற்கும் பெண்ணின் தறப்பாள் கெடுக்கிறது. வயலுக்குப் போகும் கமக்காரனின் லாண்ட்மாஸ்டர் கெடுக்கிறது. மின்கம்பி கெடுக்கிறது. கூரையில்லாத வீடு கெடுக்கிறது. இவற்றையெல்லாம் துடைத்த பின் எஞ்சுவது எந்த நாட்டிலும் எழக்கூடிய ஒரு சூரியன்.

நமது இலக்கண ஆசிரியர்கள் இதை ஏற்றிருக்க மாட்டார்கள். தொல்காப்பியர் வைகறையையும் விடியலையும் மருதத்துக்கு உரிமையாக்கினார். பொழுதை அவர் தனியே விடவில்லை, நிலத்தோடு கட்டினார். முதற்பொருளைச் சொன்ன கையோடு கருப்பொருளையும் சொன்னார்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, யாழ், இவற்றோடு செய்தி. செய்தி என்று அவர் சொன்னது தொழிலை. மருதத்து விடியல் என்றால் அங்கே உழுகிறவன் இருந்தாக வேண்டும். இதை முற்போக்குக் கருத்தென்று யாரும் அவருக்குச் சூட்ட வேண்டியதில்லை. நிலப்பிரபுக்களையும் பரத்தையரையும் அதே மருதத்தில் வைத்தவரும் அவரே. நாம் சொல்ல வருவது இவ்வளவுதான்: உழைப்பவர் இல்லாத விடியல் தமிழ்க் கவிதைக்குப் பழக்கமில்லாத ஒன்று.

ஆளை அழிக்கும் கலை முதலாளித்துவக் கம்பனி ஒன்றின் கண்டுபிடிப்பு என்று சொல்லித் தப்பிக்கவும் நமக்கு வழியில்லை. 1920 மே 5 ஆம் திகதி மொஸ்கோவில், போலந்துப் போர்முனைக்குப் புறப்படும் படையினர் முன் லெனின் மரமேடையில் நின்று உரையாற்றினார். மேடையின் பக்கத்துப் படிகளில் ட்ரொட்ஸ்கியும் காமனேவும் நின்றனர். பின்னாளில் சோவியத் வெளியீடுகளில் அதே படம் அவ்விருவரும் இன்றி வந்தது. அவர்கள் நின்ற இடத்தில் வெறும் படிகள். தூரிகையும் கத்தரிக்கோலும் கொண்டு செய்யப்பட்ட அவ்வேலையைப் பல ஆண்டுகள் மௌனமாகக் கடந்து வந்தவர்கள் இடதுசாரிகளாகிய நம்முள்ளும் உண்டு. மீன்பிடிப்பவனை அழிப்பதும் ட்ரொட்ஸ்கியை அழிப்பதும் ஒன்றா? அன்று. ஒன்றில் அச்சமும் அதிகாரமும் இருந்தன. மற்றதில் அழகு பற்றிய அசட்டை மட்டுமே உண்டு. ஆனால், இருந்தவரை இல்லாதவராக்கும் உரிமை படத்தை வைத்திருப்பவனுக்கு உண்டு என்ற எண்ணம் இரண்டிற்கும் பொது.

வன்னியில் இந்த எண்ணத்தின் விலை அதிகம். 2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒரு காணொளியை ஒளிபரப்பியது. போரின் இறுதிக் காலத்தில் கைத்தொலைபேசியில் எடுக்கப்பட்டதாகக் கூறப்பட்ட அதில், கட்டப்பட்ட மனிதர்கள் சுட்டுக் கொல்லப்படுவது தெரிந்தது. அது புனையப்பட்டது என்றது அரசாங்கம். 2010 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், நிபுணர்களின் ஆய்வுகள் அது மெய்யானதென்றே சுட்டுகின்றன என்றார். நீதிமன்றமோ பத்திரிகையோ தம் பக்கம் இல்லாத மக்களுக்குப் படம் ஒன்றே சாட்சி. ‘படத்தில் எதையும் மாற்றலாம்’ என்ற பொதுப் பழக்கம் வேரூன்றினால், முதலில் நம்பிக்கை இழப்பது அந்தச் சாட்சியே.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கிய தாய்மாரின் கைகளில் இருந்தவையும் படங்களே. இடப்பெயர்வுகளில் பல குடும்பங்கள் ஆல்பங்களை இழந்தன. எஞ்சியது அடையாள அட்டைப் படமோ, யாரோ உறவினரின் கலியாணப் படத்தில் பின்வரிசையில் தெரிந்த ஒரு முகமோதான். அந்த முகத்தை வெட்டிப் பெருப்பித்து, சட்டை ஒன்று அணிவித்துத் தரும் வேலையை நமது ஸ்டூடியோக்காரர்கள் அறிவார்கள். இறந்த தகப்பனை மகளின் கலியாணப் படத்தில் தாயின் அருகே நிறுத்தித் தருவதையும் அறிவார்கள். இதுவும் திருத்தம்தான், கடுமையாகப் பார்த்தால் பொய்யும்தான். ஆனால் யாரையும் ஏமாற்றும் பொய் அன்று. வீட்டில் உள்ள அனைவருக்கும் உண்மை தெரியும். ஸ்டூடியோக்காரர் இல்லாதவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பயணியோ அதே கருவிகொண்டு, கண்ணெதிரே உயிரோடு நிற்பவரை அப்புறப்படுத்துகிறான். இவ்விரண்டையும் ‘எடிட்’ என்ற ஒரே சொல்லால் நாம் அழைப்பது மொழியின் வறுமை.

இதுவரை சொன்னதை உயர்வகுப்பு மாணவர்களிடம் சொன்னபோது ஒரு மறுப்பு எழுந்தது. சொன்னவள் 2009 இற்குப் பின் பிறந்தவள். “சேர், எங்கட ஊரை எப்பவும் காயத்தோடதான் காட்ட வேணுமோ?” என்று கேட்டாள். இது எளிதில் ஒதுக்கக்கூடிய கேள்வியன்று. போர் முடிந்ததும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் இடிபாடுகளையே தேடிப் படம் எடுத்தார்கள். கிளிநொச்சியில் சரிந்து கிடந்த நீர்த்தாங்கி காட்சிப்பொருளாக்கப்பட்டு, பக்கத்தில் நினைவுப்பொருட் கடையும் வைக்கப்பட்டது. இடிபாட்டை மட்டும் வைத்து மற்றவற்றை வெட்டுவதும் நீக்கமே. அந்தப் படத்திலும் கரைவலை இழுப்பவனுக்கு இடமில்லை. அவன் அன்று காலை மீன் பிடித்தான் என்பது இடிபாட்டைத் தேடி வந்தவனுக்கு உதவாது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் நம்மவரிற் சிலரும் இவ்விரு படங்களுக்கு வெளியே மூன்றாவது ஒன்றைத் தேடுவதில்லை. வட்டுவாகலில் ஒரு துயரப் படம், அடுத்த நிமிடமே ஒரு சூரியப் படம்.

ஆகவே அந்த மாணவி கேட்டதில் பாதியை நாம் ஏற்கிறோம். அழகைக் காணும் உரிமை பணம் படைத்தவனுக்கு மட்டும் உரியதன்று. 2009 மே மாதத்தில் அப்பாலத்தைக் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் அங்கு விடியலை விடியலாக மட்டும் பார்க்க உரிமை உண்டு. எந்த நேரமும் துக்கம் காக்கும்படி ஒரு தலைமுறையைப் பணிப்பதற்கு நாம் யார்? அதற்காக ஆட்களை அழிக்கத்தான் வேண்டுமா என்பதே மீதிப் பாதி. அதற்கு விடையைச் சொல்வதை விட்டு, அவரவர் ஊரின் காலையைப் படம் எடுத்து வரும்படி வகுப்பினரிடம் கூறினோம்.

வந்த படங்களிற் பல வழக்கமானவை; இரண்டில் வானம் முழுவதுமே வேறெங்கோ இருந்து ஒட்டப்பட்டிருந்தது. கேள்வி கேட்டவளின் படத்தில் சூரியன் ஓரத்தில், சற்று மங்கலாக இருந்தது. நடுவே குறுக்காக ஒரு மின்கம்பி. அதன்மேல் இரட்டைவால் குருவிகள் மூன்று. குப்பி விளக்கில் படித்த தலைமுறை நாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயே கிடைத்தற்கரிய பொருளாயிருந்தது. ஒரு விளக்கைச் சுற்றி மூன்று பேர் படித்தோம். அவளுக்கு அந்த நினைவு இல்லை. கம்பியை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டோம்.

“அது எங்கட வீட்டுக்கு வாற கம்பி, சேர்” என்றாள்.