உடைமையும் விடுதலையும்

பொருளை உடைமையாக்கிக் கொள்வதால் மனிதன் விடுதலை பெறுகிறானா, அன்றி அப்பொருளுக்கே அடிமையாகிறானா? ராசா முதல் கோலசிலாங்கூர் வரையுள்ள தோட்டங்களில் இவ்வினாவிற்குத் தனிப்பொருள் உண்டு.

2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில், 1917இல் செம்பனை வணிகப் பயிராக நடப்பெற்றது. தோட்டத்தில் உழைப்பு தொழிலாளியுடையது, லயமோ நிர்வாகத்தினுடையது. வேலை போனால் வீடும் போகும்.

1958இல் ஜப்பானில் தோன்றிய ஹோண்டா கப் எடை குறைந்தது. கையால் கிளட்ச் பிடிக்கும் தேவையற்றது. அவ்வகை வண்டிகளை மலேசியர் 'கப்சாய்' என்றனர். செம்மண் பாதையிலும் செம்பனை நிரைகளினூடும் அவை ஓடின. நோயுற்ற குழந்தைக்காகத் தோட்ட லாரியை எதிர்பார்த்து நின்றவன், தன் வண்டியிலேயே மருத்துவமனை சென்றான். இவ்விடுதலை சிறிதன்று.

அதே வண்டியைச் சேற்றுப் பாதையில் முடுக்கி மகிழும் இளைஞனும் அதனை விடுதலை என்றே கூறுவான். உழைத்துக் களைத்தவர்க்கு விளையாட்டும் வேண்டுவதே. நடந்து செல்வோர் அஞ்சி ஒதுங்கும்போது மட்டும், ஒருவன் விடுதலை பிறர்க்குச் சிறையாகிறது.

இதனினும் ஆழ்ந்ததோர் உண்மை உண்டு. வண்டிக்கு உரிமையாளனானவன், அதனை நிறுத்திய கூரைக்கு உரிமையாளன் ஆகவில்லை. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களானபோது, வெளியேறியவனுடன் வண்டி வந்தது, வீடு வரவில்லை.

செல்லும் உரிமை விடுதலையின் ஒரு பாதி. நிலைத்து வாழும் உரிமை மறுபாதி. முன்னதைப் பெற்ற மகிழ்வில் பின்னதைக் கேட்க மறந்த சமுதாயம், எத்துணை விரைந்து சென்றாலும் சேருமிடம் அறியாது.