வென்றவன் மடியில் ஈயம்

கிண்டியில் குதிரை ஓடிய காலத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் பின்பும் ஜாக்கி தன் சேணத்தோடு தராசில் ஏற வேண்டும். பணம் கட்டியவர்களின் கண் குதிரை மீது இருக்கும். கிளப் அதிகாரிகளின் கண் தராசு மீது இருக்கும். ஹேண்டிகேப் ரேஸ் என்றால் முந்தைய ஓட்டங்களில் நன்றாக ஓடிய குதிரைக்குக் கூடுதல் எடை, பின்தங்கிய குதிரைக்குக் குறைந்த எடை. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து குறித்த எடைக்கு வராவிட்டால், சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணியின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். இந்தக் கணக்கை ஒரு கலையாகவே வளர்த்தவர் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அட்மிரல் ரூஸ். எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் எல்லைக் கோட்டைத் தொட்டால் எடை போட்டவர் தன் வேலையைக் குறையில்லாமல் செய்துவிட்டார் என்று பொருள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எடை போடுபவர் அவ்வளவு துல்லியமாகிவிட்டால், எந்தக் குதிரை முந்தும் என்பதை அன்றைய அதிர்ஷ்டம் தவிர வேறெதுவும் தீர்மானிக்காது. குதிரைப் பந்தயம் சூதாட்டம் என்று தமிழக அரசு 1974இல் தடைச் சட்டம் இயற்றியது. அது திறமையின் ஆட்டமே என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரைக்காரர்கள் கொண்டாடினார்கள். ஆனால் எடைக் கணக்கு எவ்வளவு கச்சிதமாகிறதோ அவ்வளவுக்கு ஆட்டம் திறமையிலிருந்து விலகிச் சூதின் பக்கம் நகர்கிறது. அப்படிப் பார்த்தால் அந்தத் தீர்ப்பைக் காப்பாற்றிக் கொடுத்ததே எடை போடுபவர்களின் தவறுகள்தான். 2024 செப்டம்பரில், குத்தகைப் பாக்கித் தகராறைத் தொடர்ந்து அரசு கிண்டிப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கரைக் கையகப்படுத்திச் சீல் வைத்தது. கேள்வி மட்டும் இன்னும் பூட்டப்படவில்லை: முந்துகிறவன் மீது சுமை ஏற்றுவது நியாயமா?

இந்தக் கேள்வி இப்போது கார் பந்தயக்காரர்களுடையது. சென்னைக்கு இதில் பழைய உறவு உண்டு. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதையான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. நகரமே பஸ் பிடித்துப் போய்ப் பார்த்த திருவிழா அது. அங்கே ஒரே மைதானத்தில், குடும்பக் காரான ஃபியட்டைத் தானே கழற்றி மாட்டித் தயார் செய்துகொண்டு வந்தவர் இருப்பார். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா போலப் பழைய என்சைன் எஃப்-1 காரோடு வந்து இறங்கியவரும் இருப்பார். இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் கொடி அசையும் முன்பே முடிவு தெரிந்துவிடும். அதனால்தான் கிளாஸ் பிரித்தார்கள்: இவ்வளவு சிசிக்கு ஒரு பிரிவு, எவ்வளவு மாற்றம் செய்யலாம் என்பதற்கு ஒரு பிரிவு.

1990இல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்கென்று 3.7 கிலோமீட்டர் தடம் வந்தபோது பிரச்சினையும் கூடவே வந்தது. மாற்றம் செய்ய விட்டால் பணக்காரன் ஜெயிப்பான். மாற்றமே கூடாது என்றால் யார் திருட்டுத்தனமாக மாற்றினார் என்று தேடுவதே வண்டிகளைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியின் முழு நேர வேலையாகிவிடும்.

கோவைக்காரர் கரிவரதன் இதற்கு ஒரு விடை கண்டார். மாருதி 800இன் 796 சிசி இன்ஜினை எடுத்து, அதைச் சுற்றி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை எண்பதுகளின் இறுதியில் உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். எல்லோருக்கும் ஒரே இன்ஜின், பக்கத்துத் தெரு மெக்கானிக்கும் பழுது பார்க்கக்கூடிய இன்ஜின். பின்னாளில் எஃப்-1 வரை போன நாராயண் கார்த்திகேயன், கருண் சந்தோக் இருவரும் அந்த வண்டியில் ஓட்டியவர்கள். கரிவரதன் 1995இல் சிறு விமான விபத்தில் இறந்தார். பந்தயத்தில் நீதியைப் பற்றி அவர் கட்டுரை எதுவும் எழுதவில்லை. ஆனாலும் ஒரு விலையில், ஒரு இன்ஜினில் எல்லோரையும் நிறுத்தினால் மிச்சமிருப்பது ஓட்டுபவரின் கையும் காலும்தான் என்பதை வண்டியாகவே செய்து காட்டினார்.

மிச்சமிருப்பது கையும் காலும் மட்டுமா? உடம்பும் இருக்கிறதே. 90 கிலோ ஆளும் 55 கிலோ ஆளும் ஒரே மாதிரி வண்டியில் உட்கார்ந்தால் ஒருவருக்கு 35 கிலோ சலுகை. டானிகா பேட்ரிக் நான்காவதாக வந்த 2005 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தையொட்டி, அவர் எடை குறைந்தவர் என்பதே அநியாயம் என்று பந்தய ஓட்டுநர் ராபி கார்டன் வெளிப்படையாகப் புகார் செய்தார். பெண் ஒருத்தி முன்னே போனதும் தராசு நினைவுக்கு வந்தது என்று சிரித்தவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது; புகாரிலும் கொஞ்சம் இருந்தது. 2008இல் அந்தப் பந்தயம் இடம்பெறும் தொடர், ஓட்டுநரின் எடையையும் கணக்கில் சேர்த்தது. எஃப்-1இல் நிலைமை தலைகீழ். உயரமான ஓட்டுநர்கள் பட்டினி கிடந்தார்கள். எடையைக் குறைக்கப் போய் 2014இல் மருத்துவமனையில் படுக்க நேர்ந்ததாக ஜான் எரிக் வெர்ன் சொன்னார். 2019இல் ஓட்டுநரும் இருக்கையும் சேர்ந்து குறைந்தது 80 கிலோ, போதாததை இருக்கையை ஒட்டியே பேலஸ்ட் என்னும் நிரப்பு எடையாக வைக்க வேண்டும் என்று விதி வந்தது.

இந்த வகை எடையை எதிர்ப்பவர் அரிது. பிறப்போடு வந்த எலும்புக்கு யாரும் பாராட்டும் கேட்க முடியாது, பழியும் ஏற்க முடியாது. விதி கறாராக இருந்தாலும் வலிப்பதில்லை. வலித்தாலும் முறையிட இடமில்லை. 2024 பெல்ஜியம் கிராண்ட் பிரீயில் முதலாவதாக வந்த ஜார்ஜ் ரஸ்ஸலின் கார், எரிபொருளை இறக்கிய பிறகு 798 கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ குறைவாக இருந்தது. வெற்றி பறிபோனது. அணி அழுதது, ஆனால் அநியாயம் என்று சொல்லவில்லை. 1984இல் டிரெல் அணியின் காரியம் வேறு ரகம். பந்தய முடிவு நெருங்கும்போது தண்ணீர்த் தொட்டியை நிரப்புகிற சாக்கில் ஈயக் குண்டுகளையும் உள்ளே அனுப்பினார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டு, அந்த ஆண்டுச் சாம்பியன்ஷிப்பிலிருந்தே நீக்கப்பட்டார்கள். ஓடும்போது லேசு, தராசில் கனம். சந்தையில் எடைக்கல்லைத் தேய்த்து வைத்த வியாபாரி கேட்டால் தலையசைப்பார்.

அடுத்தது இன்னொரு வகை எடை. பிரிட்டிஷ் டூரிங் கார் தொடரில் பல ஆண்டுகள் இருந்தது. ஜப்பானின் சூப்பர் ஜிடியில் பேர் போனது. ஒரு பந்தயத்தில் வென்றால் அடுத்த பந்தயத்துக்கு வண்டியில் எடை ஏற்றப்படும். சூப்பர் ஜிடியின் முதன்மைப் பிரிவில் கணக்கு எளிதாக இருந்தது: சாம்பியன்ஷிப்பில் பெற்ற ஒவ்வொரு புள்ளிக்கும் 2 கிலோ. ஆயிரம் கிலோ வண்டியில் 50 கிலோ ஏறினால் அதே இன்ஜின் தரும் முடுக்கம் ஏறக்குறைய 5 விழுக்காடு குறையும். பிரேக்கும் டயரும் தனியாகத் திண்டாடும். 700 கிலோ வண்டிக்கு அதே 50 கிலோ இன்னும் பெரிய தண்டனை. ஒரே அளவு சுமை எல்லோருக்கும் ஒரே அளவு வலியைத் தராது என்பது வரி போடும் அரசுகளுக்குத் தெரியும், பந்தயக் கிளப்புகளுக்குச் சில சமயம் மறந்துவிடும்.

இதன் விளைவு எதிர்பார்த்ததுதான். ஓட்டுநர்கள் எப்போது ஜெயிப்பது என்பதோடு எப்போது தோற்பது என்பதையும் திட்டமிட ஆரம்பித்தார்கள். தனக்கு ஒத்து வராத தடத்தில் மெதுவாக ஓட்டி எடையை இறக்கிவிட்டு, ஒத்து வரும் தடத்தில் லேசாக வந்து இறங்குவது. ஜெர்மனியின் டிடிஎம் கார் தொடர் 2017இல் பருவத்தின் நடுவிலேயே எடை முறையைக் கைவிட்டது. பிரிட்டிஷ் தொடர் 2022இல் ஈயத்தை இறக்கிவிட்டு, முன்னணிக்காரர்களுக்கு ஹைப்ரிட் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுத்தது. சுமையின் உருவம் மாறியது, குணம் மாறவில்லை.

இதற்கு ஆதரவாகத் தத்துவமும் இருக்கிறது, லேசாகத் தள்ளிவிட முடியாத தத்துவம். ஜான் ரால்ஸ் 1971இல் எழுதிய நீதிக் கோட்பாடு, இயற்கைத் திறமை யாரும் உழைத்துச் சம்பாதித்ததல்ல என்கிறது. முயலும் மனமே கூட வளர்ந்த வீட்டைப் பொறுத்தது என்றும் சேர்க்கிறது. எட்டு வயதில் கோ-கார்ட் வாங்கித் தந்த அப்பா, தினமும் பயிற்சிக்கு அழைத்துப் போன டிரைவர், இவையெல்லாம் வண்டி எடையில் சேராதா? சேரும் என்றால் வென்றவனின் 'திறமை' என்று கையில் மிஞ்சுவது எவ்வளவு? மயிலாப்பூரில் இந்த வாதத்தைத் தொடங்கினால் பத்தாவது நிமிடத்தில் இட ஒதுக்கீட்டுக்கு வந்து நிற்கும். 1921இன் வகுப்புவாரி அரசாணையும், 1951இன் செண்பகம் துரைராஜன் வழக்கும், அதன் பின் வந்த முதல் சட்டத் திருத்தமும் இந்த ஊரின் சொந்தக் கதைகள். ஆனால் ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இட ஒதுக்கீடு, கோட்டில் நிற்கும் முன்பே நேர்ந்த அநீதியைக் கணக்கில் எடுக்கிறது. தேர்வில் முதலிடம் வாங்கிய மாணவருக்கு அடுத்த தேர்வில் 20 மதிப்பெண் குறைக்கும் அரசாணை எதுவும் போடப்படவில்லை. வென்றவனுக்கு எடை என்பது இரண்டாவது ரகம்.

மதத்தின் பக்கம் திரும்பினால் கதை இன்னும் சுவாரசியம். வினையை ஒரு பொருளாகவே, உயிரில் ஒட்டிக் கனம் சேர்க்கும் துகளாகவே கண்டது சமணம். மயிலாப்பூரில் ஒரு காலத்தில் நேமிநாதர் கோயில் இருந்தது, கடல் ஏறியதால் சிலை மேல்சித்தாமூருக்குப் போனது என்பது தமிழ்ச் சமண மரபு. சமண ஆகமங்களில் ஓர் உவமை உண்டு: எட்டு முறை மண் பூசிய சுரைக்குடுவை தண்ணீரில் ஆழ்ந்து போகும், பூச்சு கரையக் கரைய மேலே வரும். எட்டு வினைகளும் கழன்ற உயிர் அப்படித்தான் உலகின் உச்சிக்கு ஏறுகிறது. தீவினை மட்டுமல்ல, நல்வினையும் சுமை என்பதுதான் இதில் கூர்மையான இடம். தமிழ் மரபு பொன்னூர் மலையோடு இணைத்துப் பேசும் குந்தகுந்தர், பொன் விலங்கானாலும் விலங்கு விலங்கே என்ற கருத்தைச் சமயசாரத்தில் சொல்கிறார். சைவ சித்தாந்தத்தின் இருவினையொப்பும் இதற்குப் பக்கத்து வீடு: நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒரே மனத்தோடு ஏற்கும் நிலை வந்தால்தான் அருள் இறங்கும். சூப்பர் ஜிடியின் புள்ளிக்கு 2 கிலோ கணக்கைக் குந்தகுந்தர் பார்த்திருந்தால் வியந்திருக்க மாட்டார். வெற்றி ஒட்டும், ஒட்டியது கனக்கும்.

இருந்தும் இந்த உறவு பாதி வழியில் அறுந்துபோகிறது. வினைக் கணக்கில் போட்டியாளர் கிடையாது. ஒருவர் உயிரில் ஏறிய கனம் பக்கத்து வீட்டுக்காரரை ஓர் அங்குலமும் உயர்த்தாது. பந்தயத்திலோ ஒருவர் மேல் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் இன்னொருவருக்குப் பரிசு. தவிர, சமணத்தில் எடை போட நடுவர் இல்லை. செய்ததன் விளைவு தானாக ஒட்டுகிறது. கிளப்பில் ஒரு கமிட்டி உட்கார்ந்து தீர்மானிக்கிறது. கேலரி நிரம்ப வேண்டும், ஸ்பான்சர் விலகக் கூடாது, கடைசி வரை யார் சாம்பியன் என்று தெரியக் கூடாது என்ற கவலைகள் அந்த மேசையில் இருக்கும். அவை தவறான கவலைகள் அல்ல. ஆனால் அவற்றை நீதி என்ற பெயரில் விற்கக் கூடாது.

அரிஸ்டாட்டில் தன் அறநூலில் லெஸ்போஸ் தீவின் கட்டடக்காரர்கள் வைத்திருந்த ஈய அளவுகோலைப் பாராட்டுகிறார். கல்லின் வளைவுக்கேற்ப வளைந்து கொடுக்கும் கோல். பொது விதி பொருந்தாத இடத்தில் நியாயம் அப்படி வளைய வேண்டும் என்பது அவர் வாதம். நீதிமன்றத்துக்கு அது பொருந்தும், அங்கே ஒவ்வொரு வழக்கும் தனிக் கல். பந்தயத்தில் கோல் வளைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016 லெ மான் கார் பந்தயம் சாட்சி. தகுதிச் சுற்றில் ஃபோர்டும் ஃபெராரியும் தங்கள் பிரிவில் மற்றவர்களை விட்டு வெகுதூரம் முன்னே போனதும், பந்தயத்துக்குச் சற்று முன் அமைப்பாளர்கள் வண்டிகளின் வேகத்தைச் சமப்படுத்தும் அளவுகளை மாற்றினார்கள். சோதனை ஓட்டங்களில் வேண்டுமென்றே வேகத்தை ஒளித்து வைத்தார்கள் என்ற சந்தேகம் மற்றவர்களுக்கு. லெ மான் இடம்பெறும் உலகத் தொடரில் இந்தச் சமப்படுத்தலைப் பற்றி அணிகள் வெளியே கருத்துச் சொல்லவே விதி இன்று தடை போடுகிறது. பேச முடியாத நியாயம் எந்த வகை நியாயம் என்று கேட்கத் தோன்றுகிறது.

அமெச்சூர் கிளப்பில் இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஜெயித்தவரை மேல் பிரிவுக்கு அனுப்புவது; புதியவர்களுக்கென்று தனிக் கோப்பை நடத்துவது இந்தியாவிலும் பழக்கத்தில் உள்ளது. இன்னொன்று அமெரிக்கச் சிறு தடங்களின் பழைய தந்திரம்: வென்றவரின் இன்ஜினை, முன்பே அறிவித்த விலைக்கு, தோற்றவர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். ஐந்து லட்சம் செலவழித்த இன்ஜினை ஐம்பதாயிரத்துக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? ஸ்க்ரூட்டினி அதிகாரி போல்ட் போல்டாகத் தேட வேண்டிய வேலையை இந்த ஒரு விதி பார்த்துக்கொள்ளும். அது வெற்றியைத் தொடுவதில்லை. காசின் மேல் மட்டும் கை வைக்கிறது.

2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி, நேப்பியர் பாலம் பக்கமாக இரவில் கார்கள் பறந்தபோது, எந்த வகுப்பிலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டிதான். இந்தியன் ரேசிங் லீக்கில் ஒவ்வொரு அணியிலும் பெண் ஓட்டுநர் இருந்தார். தி.நகரிலிருந்தும் அடையாறிலிருந்தும் போய்ப் பார்த்த கூட்டம் விறுவிறுப்பில்லை என்று குறைப்படவில்லை. வெற்றிக்கு எடை போட்டால்தான் பந்தயம் ருசிக்கும் என்ற வாதத்தை இனி கிளப்புகள் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்கலாம். உடம்புக்கும் இன்ஜினுக்கும் செலவுக்கும் எல்லை போடட்டும், அதைப் பருவம் தொடங்கும் முன்பே எழுத்தில் போடட்டும். அந்த எல்லைக்குள் ஒருவர் ஐந்து முறை தொடர்ந்து ஜெயித்தால் ஐந்து கோப்பைகளும் அவருடையவை. வென்றவனுக்கு எடை ஏற்றுவதில் உலகிலேயே பிடிவாதமான சூப்பர் ஜிடி கூட, பருவத்தின் கடைசிக்கு முந்தைய பந்தயத்தில் எடையைப் பாதியாக்கி, சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிப் பந்தயத்தில் முழுவதையும் இறக்கிவிடுவதைத்தான் வழக்கமாக வைத்திருந்தது.