சிறார் வாயிற் புகும் இழிசொல்

உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையுடைத்து என்பது சித்தாந்த சாத்திரங்களின் முடிபு. பளிங்கு தன் அருகில் வைத்த பூவின் நிறத்தைக் காட்டும். அந்நிறம் பளிங்கிற்கு உரியதன்று. எனினும் அதனை ஏலாதொழிதல் பளிங்கிற்கு இயலாது. இவ்வுண்மையை நெடுங்காலம் ஏட்டிற் படித்தும் பிறர்க்குப் பாடஞ்சொல்லியும் வந்த யாம், இதனை எம் இல்லத்தே கண்டு திடுக்கிட்டதுண்டு. சிறார் தம் தோழரிடமிருந்து கற்றுவரும் இழிசொற்களைப் பெரியோர் எங்ஙனம் கையாளுதல் வேண்டும் என்னும் வினாவை அதுபற்றியே ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டையில் ஒரு கோடை விடுமுறையின்போது, ஏழு வயதினனாகிய எம் பேரன் கண்மாய்க்கரையில் விளையாடி வீடு திரும்பினான். அவன் பம்பரத்தைத் தங்கை எடுத்து வைத்திருந்தாள். அதுகண்டு சினந்து அவள்மேல் ஒரு சொல்லை வீசினான். பெண்பாலாரின் மானத்தை அழிக்கும் சொல் அது, ஈண்டு எழுதத்தக்கதன்று. பெண்டிர் செவி பொத்தினர். அவன் தந்தை கை ஓங்கினார். திண்ணையிலிருந்த முதியவர் ஒருவர், ‘வாயில் மிளகாயைத் தேய்த்தால் மறுபடி சொல்லான்’ என்றார். வேறொருவர், ‘அந்தத் தெருப் பிள்ளைகளோடு விட்டால் இப்படித்தான்; இனி வெளியே விடாதீர்கள்’ என்றார். நடுங்கி நின்ற சிறுவனோ எம்மை நோக்கி, ‘தாத்தா, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?’ என்று வினவினான். எமக்கு உடனே விடை தோன்றவில்லை.

சிறுவன் குற்றமுடையனா என்பதே முதற்கண் ஆராயற்பாலது. வாக்கு சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நால்வகைப்படும் என்பர். அவற்றுள் செவிக்குப் புலனாவது வைகரி. உள்ளத்தே சொல்லாய் உருப்பெற்று நிற்பது மத்திமை. கற்றறிந்தார் சொல் உள்ளிருந்து வெளிவருவது. இச்சிறுவன் சொல்லோ செவிவழிப் புகுந்து, பொருளிற் பொருந்தாமல், வாய்வழி மீண்டது. ஆதலின் அவன் குற்றமிலன் எனலாமோ எனின், முற்றும் அங்ஙனங் கூறலாகாது. சொல்லின் பொருளை அவன் அறியான். ஆயினும் அது சுடும் என்பதை அறிவான். அறிந்தன்றோ சினத்தின்போது அதனைத் தேடி எடுத்தான்? ஆகவே திருத்தற்குரியது சொல் மட்டுமன்று; பிறரைச் சுடுதற்கெழுந்த எண்ணமே முதற்கண் திருத்தற்குரியது.

இனி, அடித்துத் திருத்தலாமோ எனின், அதுவும் பொருந்தாது. பழைய திண்ணைப் பள்ளிகளிற் கோதண்டம் முதலிய கொடிய தண்டனைகள் இருந்தன. இன்றோ, 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் தன் 17-ஆம் பிரிவிற் பிள்ளைகளின் உடலை வருத்துதலையும் உள்ளத்தைத் துன்புறுத்துதலையும் ஒருங்கே விலக்கியுள்ளது. பள்ளிக்குத் தகாதது வீட்டிற்குத் தகுமோ? அன்றியும், அடிபட்ட பிள்ளை அச்சொல்லைக் கைவிடுதலில்லை. பெரியோர் இல்லாவிடத்திற்கு ஒதுக்கி வைக்கின்றான். வலியார் மெலியாரைச் சினத்தால் நோவச் செய்யலாம் என்பதே அவன் பெற்ற பாடம். தங்கைக்கு அவன் செய்ததும் அதுவேயன்றோ?

அற்றேல், தோழரை விலக்குக. சிற்றினஞ்சேராமை என வள்ளுவனார் ஓர் அதிகாரமே வகுத்தாரன்றோ எனின், கூறுதும். சிற்றினம் இன்னதென விளக்கப் புகுந்த பரிமேலழகர், நன்மை தீமை என்பன இல்லையென்பாரையும், காமுகர் தூர்த்தர் முதலாயினாரையும் எண்ணினாரேயன்றிப் பிறப்பையாதல் தெருவையாதல் சுட்டினாரல்லர். தெருவைச் சுட்டி விலக்குவார் தம் பிள்ளைக்கு முன்னதினும் கொடியதோர் இழிசொல்லைக் கற்பிக்கின்றனர். சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரமும் அதன்வழி வந்த நூல்களும், வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனை உவமையாற் காட்டுகின்றன. அவ்வேடர் ஐம்புலன்களே, எத்தெருவாரும் அல்லர். மெய்யாகவே வேடர்குலத்துத் தோன்றிய கண்ணப்பரை நாம் நாயனாராக வணங்குகின்றோமாதலின், இவ்வுவமையைப் பிறப்பின்மேல் ஏற்றுவார் சைவம் அறியாதவரேயாவர். ஈண்டு நோக்கத்தக்கது தந்தையின் செயல். அவன் மகனை வெறுத்து ஒதுக்கவில்லை. ‘நீ என் மகன்’ என அறிவுறுத்தினான். தன்னை அறிந்த அளவிலே மகன் மீண்டான்.

இனிச் சொற்களையும் பகுத்துணர்தல் வேண்டும். உடலுறுப்புக்களையும் கழிவுகளையும் பற்றிய சொற்கள் ஒருவகை. இவற்றைத் தொல்காப்பியனார் அவையல்கிளவி என்றார். நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்கினார். கால்கழுவி வருதல் என எழுத்தறியாதாரும் கூறுதலின், இடக்கரடக்கல் நாட்டார் நாவிலும் வாழ்கின்றது. இவ்வகைச் சொற்களின் பிழை இடம்பற்றியது. ‘இதனை அவையில் இவ்வாறு சொல்’ என மாற்றுச்சொல் கொடுத்தலே அமையும். பிறர் பிறப்பையும், தாயையும், உடற்குறையையும் இழித்துரைக்கும் சொற்கள் மற்றொரு வகை. இவற்றின் பிழை அன்பின்மை பற்றியது. மாற்றுச்சொல்லால் இது தீராது. முதல்வகைக்கு முகஞ்சுளிக்கும் நாம், இரண்டாம் வகையை நாடோறும் திண்ணையிற் கேட்டும் வாளாவிருக்கின்றோம். மிளகாய் தேய்க்கச் சொன்ன அம்முதியவரே, அன்று மாலை தம்மினும் மூத்த உழவர் ஒருவரைப் பிறப்பின் பெயர் சொல்லி ‘அடே’ என விளித்தார். யாம் அருகிருந்தும் ஒன்றும் கூறிலேம். பேரன் எம் முகத்தை ஒருமுறை நோக்கினான். எம் வாழ்நாளிற் கற்றனவெல்லாம் அப்பார்வையின்முன் எமக்குத் துணையாகவில்லை.

குழூஉக்குறி என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. சிறார் கூட்டத்தில் இழிசொல் ஓர் அடையாளம். அதனைச் சொல்லாதவன் அயலானாகின்றான். பிள்ளை விரும்பியது தோழமையையேயன்றிச் சொல்லையன்று. ஆதலின், கூட்டத்தில் மதிப்புப் பெறுதற்கு வேறு சொற்களை அவனுக்குக் கொடுத்தல் வேண்டும். இம்மாவட்டத்துக் குடுமியான்மலையில், உருத்திராசாரியரின் மாணாக்கனாகிய சைவ மன்னன் ஒருவன், மாணாக்கர் நலங்கருதி இசைச்சுரங்களைப் பாறையிற் பொறித்து வைத்தான். எழுத்தமைதிகொண்டு அது 7-ஆம் நூற்றாண்டினது என்பர். இளஞ்செவிக்கு நல்லோசை வழங்குதலை அவன் அத்துணைப் பெரும் பணியாக மதித்தான்.

இன்னும், வன்றொண்டர் வரலாறும் உணரற்பாற்று. புத்தூரில் மணத்தைத் தடுக்க வந்த முதிய மறையவரைச் சுந்தரர் சினந்து பித்தன் என்றார். இறைவன் அவ்வாயை அடைத்தானல்லன். வெண்ணெய்நல்லூரில், அச்சொல்லையே முதலாக வைத்துப் பாடுக எனப் பணித்தான். இஃது இழிசொல்லுக்கு இசைவாகாதோ எனின், ஆகாது. அச்சொல்லைத் தன்மேல் ஏற்றவன் நோவில்லாத இறைவன். எம் பேத்தியோ அழுதாள். வைத வாயும் வாழ்த்துதற்கு உரியதாதலின் வாயை வெறுத்தலாகாது என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

மறுநாட் காலை யாம் பேரனை அருகிருத்தி, ‘நேற்றுக் கேட்டாயே, சொல்கிறேன். அந்தச் சொல் ஒரு பெண்ணுக்கு மானமில்லை என்கிறது. உன் அம்மாவை ஒருவன் அப்படிச் சொன்னால் உனக்கு எப்படியிருக்கும்?’ என்றோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின் எழுந்து சென்று பம்பரத்தைத் தங்கை கையிற் கொடுத்தான். அன்று மாலை அவன் தோழரனைவரையும் திண்ணைக்கு அழைத்து விடுகதை போட்டோம். யாம் அறியாத விடுகதைகள் அவர்களிடம் பல இருந்தன. முதல்நாள் வையப்பட்ட உழவர் வந்தபோது யாம் எழுந்து, ‘வாருங்கள், உட்காருங்கள்’ என்றோம். முதியவர் முகம் கறுத்தார். பின்னும் ஒருமுறை பேரன் வாயில் அச்சொல் பாதி வந்தது. அவனே நாவைக் கடித்துக்கொண்டான்.

ஆகவே, பிள்ளை இழிசொல்லோடு வீடுவருங்கால் அடித்தலும் விலக்கலும் ஒழிக. அவன் வினாவிற்கு வயதிற்கேற்ற மெய்ம்மையான விடை கூறுக. நொந்தாரை அவனுக்குக் காட்டுக. நல்ல சொற்களை அவன் தோழர்க்கும் சேர்த்து வழங்குக. இவற்றிற்கெல்லாம் முன்னதாகப் பெரியோர் தம் திண்ணைப் பேச்சைத் திருத்துக. பளிங்கின் அருகே முதலில் வைக்கப்படும் பூ நாமே என்பது எம் துணிபு.